டிஸ்கஸ் தொட்டியில் சண்டை: ஆற்று மீனா, பண்ணை மீனா என்று பார்த்துச் சரிசெய்வது

தட்டு மாதிரி உடம்புள்ள அமேசான் அலங்கார மீன் டிஸ்கஸ். "வைல்ட் டிஸ்கஸ் (ஆற்றில் பிடித்தது) சாது, தொட்டியில் பிறந்ததுதான் அடித்துக்கொள்ளும்" என்று ஒரு கடையில் சொல்வார்கள். அடுத்த கடையில் கேட்டால் அப்படியே மாற்றிச் சொல்வார்கள். இரண்டு பேருமே கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். கண்ட நாள்தான் வேறு. அமேசானிலிருந்து வந்து இறங்கிய மீன் முதல் சில வாரம் பயத்திலும் பட்டினியிலும் ஒடுங்கிக் கிடக்கும். அதைச் சாதுவான குணம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு தேறியதும் அதன் சுபாவம் வெளியே வரும். பண்ணை மீனோ வந்த மறுநாளே துரத்த ஆரம்பிக்கும். அதற்கு மனிதரிடமும் பயமில்லை, கண்ணாடியிடமும் பயமில்லை; பசி மட்டும்தான்.

ஆகவே ஒரே மாதிரித் தெரியும் சண்டைக்கு இரண்டு கூட்டத்திலும் வெவ்வேறு காரணம் இருக்கும். இங்கே 'ஆற்று மீன்' என்றால் அமேசான் பகுதியின் நீக்ரோ, தெஃபே போன்ற ஆறுகளில் பிடித்து வந்தது. பினாங்கு, தாய்லாந்து, சென்னை என எங்கே பொரித்ததாக இருந்தாலும் தொட்டியில் வளர்ந்தது 'பண்ணை மீன்'.

எதையும் மாற்றும் முன் பத்து நிமிடம்

தீவனம் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தொட்டியிலிருந்து ஆறேழு அடி தள்ளி உட்காருங்கள். கிட்டே போனால் பண்ணை மீன் சாப்பாடு கேட்டு முன்னால் வந்து குவியும், ஆற்று மீன் கட்டைக்குப் பின்னால் போய்விடும். இரண்டிலும் நடப்பது தெரியாது.

அடிக்கிற மீனை விடுங்கள், அடி வாங்குகிற மீனைப் பாருங்கள். சாதாரணச் சண்டை இப்படி இருக்கும்: இரண்டும் பக்கவாட்டில் நின்று துடுப்பை விரிக்கும், ஒன்று முட்டும், மற்றது உடம்பின் நெடுங்கோடுகள் கருக்கச் சற்றே சாய்ந்து விலகும், முட்டிய மீன் அங்கேயே நின்றுவிடும். ஒரு நிமிடத்தில் தோற்ற மீனின் கோடுகள் மங்கி, அது தரையில் தீவனத் துணுக்கைப் பொறுக்கிக்கொண்டிருக்கும். இதில் கை வைக்க வேண்டாம். வரிசை முறை இப்படித்தான் நிலைக்கும்.

கோடுகள் மங்காமலே இருப்பது, துடுப்பு ஒட்டியே கிடப்பது, விலகிய மீனை மூலைவரை துரத்திப் போய் அங்கும் முட்டுவது, தோற்ற மீன் இரண்டு நாளாகத் தீவனத்துக்கு வராதது: இவற்றில் எது தெரிந்தாலும் தலையிட வேண்டும்.

பிஜன் பிளட், புளூ டைமண்ட் என்ற பண்ணை வகைகளில் இந்தக் கோட்டுக் கணக்கு செல்லாது. ஆற்று மீனுக்கு ஒன்பது நெடுங்கோடு உண்டு. ஹெக்கல் என்ற ஆற்று வகையில் நடுவே ஐந்தாவது கோடு பட்டையாக நிற்கும். இந்த இரண்டு பண்ணை வகைகளிலும் கோடே இல்லை. பணிந்துபோகிறேன் என்று காட்டும் முக்கிய அடையாளம் அவற்றிடம் கிடையாது. உங்களுக்கும் தெரியாது, பக்கத்து மீனுக்கும் தெரியாது. அங்கே துடுப்பையும், மீன் நிற்கும் இடத்தையும், நெற்றிச் சதை வற்றுகிறதா என்பதையும்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஒரே மீன் மூலையில், கறுத்து, சாப்பிடாமல் கிடக்கிறது

அடி வாங்கியதால் நோயா, நோயால் அடியா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். டிஸ்கஸ் கூட்டம் நோஞ்சானைத் தேடி அடிக்கும். வெள்ளையாக, நூல் போல, வழவழப்பான மலம் தொங்கினால் குடலில் ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறு பக்கத்தால் மட்டும் மூச்சு விட்டால் செவுள் புழுவைச் சந்தேகியுங்கள். இப்படிப்பட்ட மீனைத் தனித் தொட்டியில் வையுங்கள்.

குடல் தொல்லைக்கு மெட்ரோனிடசோல், 40 லிட்டருக்கு 400 மி.கி., தினமும் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மறுபடி முழு அளவு, ஏழு நாள். வெப்பம் 31 அல்லது 32 டிகிரி. அந்தச் சூட்டில் ஆக்சிஜன் குறையும், அதனால் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஓடியே ஆக வேண்டும். செவுள் புழுவுக்குப் பிராசிகுவான்டெல், லிட்டருக்கு 2 மி.கி.; அதாவது 600 மி.கி. மாத்திரை ஒன்று 300 லிட்டருக்கு. அது தண்ணீரில் லேசில் கரையாது. நன்றாகத் தூளாக்கி, சிறு பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றுங்கள். ஒரு நாள் கழித்துப் பாதித் தண்ணீர் மாற்றம், ஏழாம் நாள் இன்னொரு முறை. தப்பிய முட்டையிலிருந்து வரும் புழுவுக்குத்தான் இந்த இரண்டாவது தடவை. அதை விட்டால் முதல் தடவையும் வீண்.

நோய் இல்லை, ஒரே ஒரு ரவுடிதான் என்று தெளிவானால், வெளியே எடுக்க வேண்டியது ரவுடியை. பெரும்பாலோர் பாவப்பட்டு அடி வாங்குகிறதை எடுத்துவிடுகிறார்கள். அதை எடுத்த மறுநாள் அடுத்த கடைசி மீன் அடி வாங்கும். பத்து நாள் கழித்துப் பழைய மீனைத் திரும்ப விட்டால் அது புது மீனாகக் கருதப்பட்டு இன்னும் மோசமாக அடிபடும். ரவுடியை ஐந்திலிருந்து ஏழு நாள் வேறு தொட்டியில் வையுங்கள். அதற்குள் கட்டைகளை இடம் மாற்றுங்கள், தீவனம் போடும் மூலையையும் மாற்றுங்கள். திரும்ப விடும்போது விளக்கை அணைத்துவிட்டு இரவில் விடுங்கள். இப்போது புதிதாக வந்தது அதுதான்.

ரவுடியை எடுத்ததும் இன்னொன்று ரவுடியானால் கோளாறு எண்ணிக்கையில். பண்ணை மீனில் இது சர்வ சாதாரணம். சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூரில் ஒரே தொட்டியில் நாற்பது மீன் நெருக்கியடித்து நிற்கும்போது எதனாலும் இடம் பிடிக்க முடியாது. விழும் முட்டு நாற்பதுக்கும் பங்காகிவிடும். அதிலிருந்து மூன்றை மட்டும் வாங்கி நான்கடித் தொட்டியில் விட்டால், முதல் மீன் முழு நேரமும் மூன்றாவது மீனையே குறிவைக்கும். மூன்று, நான்கு என்பவை மிக மோசமான எண்கள். ஆறுக்குக் குறைந்து வாங்காதீர்கள். எட்டு இன்னும் நல்லது. வளர்ந்த மீனுக்குத் தலா 40 லிட்டர் கணக்கு. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி ஏறக்குறைய 450 லிட்டர். அதில் எட்டிலிருந்து பத்து வரை தாராளமாக இருக்கும்.

சேர்க்கும்போது ஒற்றை மீனாகச் சேர்க்காதீர்கள். மூன்று நான்காக, இருக்கிற மீன்களின் அளவிலேயே, முடிந்தால் அரை இன்ச் பெரிதாக. ஐந்து இன்ச் மீன்களிடையே மூன்று இன்ச் மீனைக் காசு மிச்சம் என்று விட்டால் அந்தக் காசும் போய்விடும்.

அறிகுறி: தீவன நேரத்தில் மட்டும் கலவரம்

பண்ணைக் கூட்டம். பட்டாணி அளவிலிருந்தே ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை, ஒரே இடத்தில் விழும் உருண்டையைத் தின்று வளர்ந்தவை. நீங்கள் ஒரு வேளை, ஒரு கட்டியாகப் போட்டால் முதல் இரண்டு மீன் அதன்மேல் காவல் நிற்கும்.

வளர்ந்த மீனுக்கு மூன்று வேளை, குட்டிக்கு ஐந்து. தொட்டியின் இரண்டு கோடியிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். உறைந்த பிளட்வார்ம் (சிவப்புப் புழு) கட்டியை நேரே போடாமல் ஒரு கிண்ணத் தண்ணீரில் கரைத்து, ஃபில்டர் நீரோட்டத்தில் ஊற்றினால் தொட்டி முழுக்கப் பரவும். மேலே தின்கிற மீன் மேலே இருக்கும், ஒதுங்கிய மீனுக்குக் கீழே கிடைக்கும். ஐந்தாறு நிமிடத்தில் தின்னாத மிச்சத்தை சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: மொத்தக் கூட்டமும் கறுத்து, பின்னால் ஒடுங்கி, திடீரென்று கண்ணாடியில் போய் மோதுகிறது

ஆற்று மீனில் இதைச் சண்டை என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று மிரண்டு பாயும், அதன் பாய்ச்சலில் மற்றவை சிதறும், மூக்கிலும் பக்கத்திலும் கீறல் விழும். யாரும் யாரையும் துரத்தவில்லை.

அது வந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். வறண்ட காலத்தில் ஆற்றோரம் சாய்ந்து கிடக்கும் மரக் கிளைகளுக்குள் கூட்டமாக அடையும் மீன் இது. தலைக்கு மேல் நிழல், தேநீர் நிறத் தண்ணீர். அங்கேதான் பிடிக்கிறார்கள்: இரவில் படகில் விளக்கோடு போய்க் கைவலையில் ஒவ்வொன்றாக, அல்லது கிளைக் குவியலைச் சுற்றி வலை கட்டி. அப்புறம் பிரேசிலின் மனாஸ் நகரம் வழியாக, பட்டினி போட்டு, பையில் அடைத்து வருகிறது. (நீக்ரோ கரையில் பார்செலோஸ் என்றொரு ஊர். அங்கே அலங்கார மீனுக்கென்றே திருவிழா உண்டு. ஊர் டிஸ்கஸ் கட்சி, கார்டினல் டெட்ரா என்ற குட்டி மீனின் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து ஆடிப்பாடிப் போட்டி போடும்.) அந்த மீனை வெள்ளைப் பளிங்கு போன்ற வெறுந்தொட்டியில், உச்சி வெயில் மாதிரி எல்.இ.டி. விளக்கின் கீழ் விட்டால் மிரளாமல் என்ன செய்யும்?

பின்பக்கமும் இரண்டு பக்கமும் கறுப்பு அல்லது பழுப்புத் தாள் ஒட்டுங்கள். செங்குத்தாக நிற்கும் கிளைக் கட்டைகளை வையுங்கள். காய்ந்து உதிர்ந்த பாதாம் இலை, 40 லிட்டருக்கு ஒன்று. முதல் இரண்டு வாரம் தொட்டி விளக்கே வேண்டாம், அறை வெளிச்சம் போதும். பத்துப் பதினைந்து கார்டினல் டெட்ரா இருந்தால் உதவும். சின்ன மீன் திறந்த வெளியில் மேய்வதைப் பார்த்தால் டிஸ்கஸுக்குத் துணிச்சல் வரும். அவற்றையும் நோய் பார்த்துத்தான் விட வேண்டும்.

தண்ணீர் இன்னொரு காரணம். நீக்ரோ தண்ணீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம்) 4-க்கும் 5-க்கும் இடையில். உப்பு அநேகமாக இல்லை. அதனால் ஹெக்கலுக்கு டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 80-க்குள், பி.எச். 6-க்குள் இருக்கட்டும். பச்சை, பழுப்பு ஆற்று மீன்களுக்கு பி.எச். 6 முதல் 6.8 வரை போதும். பண்ணை மீன் 150 முதல் 300 டி.டி.எஸ்., 6.5 முதல் 7.5 பி.எச். வரை சௌகரியமாக இருக்கும். டி.டி.எஸ். போர்வெல்லில் 900, ஆர்.ஓ.வில் 20 என்று வைத்துக்கொண்டால், 80 லிட்டர் ஆர்.ஓ.வில் 20 லிட்டர் போர்வெல் கலந்தால் 196 வரும். பண்ணை மீனுக்கு இது நல்ல தண்ணீர், ஹெக்கலுக்கு அல்ல. வெப்பம் இரண்டு கூட்டத்துக்கும் 28 முதல் 30 டிகிரி.

ஆற்று மீன் தொட்டியில் செய்யும் ஆபத்தான தவறு இதுதான்: பி.எச். 6-க்குக் கீழே ஃபில்டர் பாக்டீரியா மந்தமாகும், அம்மோனியம் சேரும். அமிலத் தண்ணீரில் அது மீனை ஒன்றும் செய்யாது. மீன் கறுத்திருக்கிறதே என்று பதறி, பி.எச். 8 உள்ள குழாய்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி மாற்றினால், சேர்ந்திருந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி சட்டென்று விஷ அம்மோனியாவாகும். மாலைக்குள் கூட்டம் முழுவதும் மேலே வந்து மூச்சுத் திணறும். அமிலத் தொட்டியில் தினமும் 15 சதவீதம், அதே பி.எச். உள்ள தண்ணீரையே மாற்றுங்கள்.

அறிகுறி: மூன்று மாதம் அமைதியாக இருந்த ஆற்று மீன் இப்போது அடிக்கிறது

நல்ல செய்திதான். மீன் தேறிவிட்டது.

வளர்ந்து முடிந்த, ஆறு இன்ச் தொட்ட மீன் இது. பண்ணைக் குட்டி போல உங்கள் தொட்டியில் கூட வளர்ந்து வரிசை கற்றுக்கொண்டதல்ல. கூட்டத்தில் அதற்கு முன்பே ஓர் இடம் இருந்தது, இப்போது அதைத் திரும்பப் பிடிக்கிறது. பெரும்பாலும் ஒரே பெரிய கட்டையின் அடியைத்தான் ஒரு மீன் வளைத்துப்போடும். அந்தக் கட்டையை எடுத்துவிட்டு, மெல்லிய கிளைகள் ஐந்தாறைத் தொட்டி நெடுகப் பரப்பி நிறுத்துங்கள். ஒரு மூலையிலிருந்து பார்த்தால் எதிர் மூலை தெரியக் கூடாது. கண்ணில் படாத மீனை அது துரத்தாது.

தண்ணீர் மாற்றிய நாளில் மட்டும் சண்டை கூடுகிறதா என்றும் கவனியுங்கள். மனாஸில் ஆற்று நீர்மட்டம் வருடத்துக்குப் பத்து மீட்டர் அளவில் ஏறி இறங்கும். வெள்ளம் ஏறும்போது இந்த மீன்கள் மூழ்கிய காட்டுக்குள் பரவி ஜோடி சேரும். உப்பு குறைந்த, கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரை நிறைய விட்டால் மழை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். குஞ்சு வேண்டாமென்றால் தொட்டியின் வெப்பத்திலேயே, சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

அறிகுறி: ஆற்று மீனையும் பண்ணை மீனையும் சேர்த்தபின் ஒரு தரப்பு மட்டும் மெலிகிறது

மெலிவது அநேகமாக ஆற்று மீன். அதை யாரும் கடிக்கவே தேவையில்லை. பண்ணை மீன் குருணைத் தீவனம் விழும் சத்தத்துக்கே ஓடிவரும். ஆற்று மீனுக்கு அது தீவனம் என்றே தெரியாது. ஆற்றில் அது மேய்வது பாசி, மக்கிய இலைத்தூள், சிறு புழு பூச்சி. தனியாக வைத்து முதலில் உறைந்த பிளட்வார்ம், நறுக்கிய மண்புழு. பிறகு அதனோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குருணையை ஊறவைத்துக் கலந்து, மூன்று நான்கு வாரத்தில் மாற்றுங்கள். கையருகே வந்து குருணை எடுக்காத ஆற்று மீனைப் பண்ணை மீனோடு விடவே கூடாது.

சேர்த்த சில நாளில் இரண்டு தரப்பும் கறுத்து, உடம்பு வழவழப்பு தோல் மாதிரி உரிந்து, ஒரே மூலையில் தலை சேர்த்து நின்றால் அது சண்டையே இல்லை. 'டிஸ்கஸ் பிளேக்' என்று சொல்லப்படும் தொற்று. வெவ்வேறு இடத்து மீன்கள் கலக்கும்போதுதான் வெடிக்கும். ஒரு கூட்டத்துக்குப் பழகிப்போன கிருமி மறு கூட்டத்துக்குப் புதிது. இதற்காகத்தான் ஆறு வாரத் தனிமை. நான்கு வாரம் தனியே வைத்துவிட்டு, ஐந்தாம் வாரம் உங்கள் பழைய மீன் ஒன்றை, விலை குறைந்ததை, அங்கே கொண்டுபோய் விடுங்கள். இரண்டு வாரம் எல்லாம் நலமாக இருந்தால் பெரிய தொட்டியில் சேர்க்கலாம். வலை, பக்கெட், சைஃபன் குழாய் எல்லாம் தனித்தனி.

எங்கள் அபிப்பிராயம்: ஹெக்கலைப் பண்ணை மீனோடு சேர்க்க வேண்டியதே இல்லை. தண்ணீர் கணக்கே ஒத்துவராது. யாருக்காவது ஒருவருக்குத் தண்டனை.

அறிகுறி: இரண்டு மீன் பாதித் தொட்டியை வளைத்துக்கொண்டது

எதிரெதிரே வந்து தலையைத் தாழ்த்தி எழுப்பும், உடம்பை உதறும், ஃபில்டர் குழாயையோ ஹீட்டரையோ வாயால் கொத்திச் சுத்தம் செய்யும். ஜோடி. ஓரிரு நாளில் குதத்தருகே சிறு குழல் தெரியும்: கூராக இருந்தால் ஆண், மழுங்கி அகலமாக இருந்தால் பெண். இரண்டிலும் அகலம் தெரிந்தால் இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்திருக்கின்றன. அதுவும் நடக்கும், முட்டை வெள்ளையாகிவிடும்.

ஒன்றரை அடிக் கன சதுரத் தொட்டி, உள்ளே ஸ்பான்ஞ் ஃபில்டர், ஹீட்டர், முட்டையிட ஒரு மண் கோன் (கூம்பு), வேறொன்றும் வேண்டாம். ஜோடியை அங்கே மாற்றினால் பெரிய தொட்டி அன்றே அடங்கிவிடும். அங்கே போனதும் ஆண் பெண்ணை அடித்தால் நடுவே வலைத் தடுப்பு வைத்து இரண்டு மூன்று நாள் ஒன்றையொன்று பார்க்க விட்டுத் தடுப்பை எடுங்கள். துரத்தித் தீர்க்க மூன்றாவது மீன் இல்லாததால் சில ஜோடிகள் தங்களுக்குள் அடித்துக்கொள்வதுண்டு.

முட்டை இரண்டரை நாளில் பொரிக்கும், அடுத்த இரண்டரை மூன்று நாளில் குஞ்சு நீந்தும். நீந்தியதும் பெற்றோரின் உடம்பு வழவழப்பைத்தான் தின்னும். இந்தக் கட்டத்தில் "குஞ்சு என்னிடம், உன்னிடம்" என்று இரண்டும் முட்டிக்கொண்டால் ஒன்றை, பெரும்பாலும் ஆணை, தடுப்புக்கு அந்தப் பக்கம் வையுங்கள். ஒரு மீனே கொஞ்ச நாள் ஊட்டிவிடும்.

அறிகுறி: காயம் இருக்கிறது, துரத்தலே இல்லை

துடுப்பு ஓரம் கிழிந்திருந்தால் சக மீனின் வேலை. அடி நின்றால் ஓரிரு வாரத்தில் வளர்ந்துவிடும். நாள்தோறும் தண்ணீர் மாற்றமும், பண்ணை மீனுக்கு லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பும் போதும்.

பக்கச் சதையில் வட்டமாக, வழவழப்பு வழித்தெடுத்த மாதிரி தேய்ந்த தடம் காலையில் மட்டும் புதிதாகத் தெரிந்தால் டிஸ்கஸைக் குற்றம் சொல்லாதீர்கள். கண்ணாடி துடைக்கட்டும் என்று விட்ட சக்கர் மீன் ராத்திரி தட்டையான டிஸ்கஸ் உடம்பில் ஒட்டிச் சுவைக்கிறது. இரவு ஒரு மணிக்கு மங்கிய டார்ச் அடித்துப் பாருங்கள், ஒட்டியிருக்கும். அதை வெளியேற்றிவிட்டு, அடி மட்டத்துக்கு ஸ்டெர்பை கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தியை விடலாம். 29 டிகிரியைத் தாங்கும்.

ஒரே பக்கத்தில் நீளவாக்கில் வெளுத்த பட்டை, கடித்த தடம் இல்லை என்றால் ஹீட்டர் சுட்டிருக்கிறது. அடி வாங்கிய மீன் ஒளிய இடமில்லாமல் ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே சொருகிக்கொண்டு இரவெல்லாம் நிற்கும். பிளாஸ்டிக் கூண்டு உள்ள ஹீட்டரை மாட்டுங்கள், இல்லையென்றால் ஹீட்டரைப் படுக்கை வாட்டில் அடியோரம் ஒட்டுங்கள். பிறகு மேலே முதல் அறிகுறிக்குப் போய், அந்த மீனை அங்கே விரட்டியது யார் என்று பாருங்கள்.